படி இருக்கு, பாத்து

பேயக்காவுக்குப் பேய் என்றால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வீட்டில் கரண்ட் போய்விட்டால் இருந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்னங்க... என்னங்க..." என்று கணவரைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவாள். அவர் குளியலறையில் தலைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, கரண்ட் வரும்வரை பதில் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவள்தான் ஏரிக்கரைப் பூங்காவின் பேய் வீட்டில் பேயாக வேலை பார்த்தாள். ஏதோ ஒன்றிரண்டு நாள் இல்லை. மகளுக்குப் பால்பல் விழுந்த காலத்தில் ஆரம்பித்து, அந்த மகள் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன பிறகும் அவள்தான் பேய்.

அந்தப் பூங்காவை ஆரம்பித்தவர் ஒரு படகுக்காரர். பின்னாளில் எவ்வளவு பெரிய முதலாளியானபோதும் எல்லோரும் அவரைப் படகுக்காரர் என்றுதான் சொன்னார்கள், அவரும் அதைத்தான் விரும்பினார். ஆரம்பத்தில் அவரிடம் இருந்தது இரண்டே இரண்டு மிதிபடகுகள். இரண்டுக்கும் அன்னப் பறவை போலக் கழுத்து. அதில் ஒன்று என்ன மிதித்தாலும் இடது பக்கமாகவே சுற்றும். வேறொருவர் என்றால் அதை ஓரங்கட்டியிருப்பார். படகுக்காரரோ, "புதுசா கல்யாணம் ஆனவங்களுக்கு மட்டும்" என்று அதன் கழுத்தில் ஒரு பலகையைத் தொங்கவிட்டார். நடு ஏரியில் சுற்றிக்கொண்டே இருப்பதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. அந்தப் படகுக்குத்தான் வரிசை நின்றது.

மனுஷன் அதோடு நிற்கவில்லை. சறுக்கு மரம் வந்தது, கரையை ஒட்டி ஓடும் குட்டி ரயில் வந்தது. ஒரு நாள் எங்கோ ஒரு பெரிய ஊரில் கழித்துப் போட்ட ராட்டினம் ஒன்று லாரியில் வந்து இறங்கியது. பின்னாலேயே அதைப் பொருத்துவதற்கு ஒரு ஃபிட்டர், ஃபிட்டரின் மனைவி, அவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை. வேலை முடிந்ததும் போய்விடுவதாகத்தான் பேச்சு. ஆனால் ராட்டினம் பழசு, அதன் ஒவ்வொரு முனகலுக்கும் அர்த்தம் தெரிந்தவர் ஃபிட்டர் ஒருவர்தான். "ராட்டினத்தோட சேத்துக் குடுத்த சாமான் நான்" என்று சொல்லிக்கொண்டு அவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மனைவிக்கு வாசலில் டிக்கெட் கிழிக்கும் வேலை கிடைத்தது. அவள்தான் பின்னால் பேயக்கா ஆனவள்.

பேய் வீடு என்று ஒன்று கட்டப்படவே இல்லை. பழைய படகுக் கொட்டகைக்கே கறுப்புத் துணி கட்டி, பச்சை பல்பு போட்டு, பிளாஸ்டிக் குழாயில் பூங்காவின் தச்சர் செய்த எலும்புக்கூட்டை உத்தரத்தில் தொங்கவிட்டார்கள். தண்ணீரிலிருந்து படகை மேலே இழுப்பதற்காக அந்தக் கொட்டகையின் தரை நடுவில் ஓரிடத்தில் ஒரு படி இறங்கும். வெளிச்சத்தில் அது ஒரு விஷயமே இல்லை. கும்மிருட்டில் அது கணுக்காலுக்கு எமன்.

பேய் வேஷத்துக்கு ஒரு நாடக நடிகரைப் பிடித்துவந்திருந்தார் படகுக்காரர். முதல் நாளே மனிதர் உற்சாகம் தாங்காமல் ஊளையிட்டு ஊளையிட்டு, சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிப் போய்விட்டது. மறுநாள் காலையில் சைகையிலேயே விடைபெற்றுக்கொண்டு கிளம்பிவிட்டார். வாசலில் கூட்டம் நிற்கிறது, உள்ளே பேய் இல்லை. படகுக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தவள்தான் கண்ணில் பட்டாள்.

"ஏம்மா, நீ சும்மா நின்னா போதும். அங்கியும் டோப்பாவும் மிச்சத்தைப் பாத்துக்கும்."

"ஐயோ, எனக்கு இருட்டுன்னாலே பயம் சார்!"

"அப்ப ரொம்ப நல்லது. பயம்னா என்னன்னு தெரிஞ்சவங்கதான் பயமுறுத்த முடியும்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அவருக்கு அந்த மாதிரிப் பேச்சுக்குப் பஞ்சமே கிடையாது.

காலடியில் ஒரு சின்ன டார்ச்சை எரியவிட்டு வைத்துக்கொள்வது என்ற ஒப்பந்தத்தின் பேரில் அவள் சம்மதித்தாள். முகத்தில் வெள்ளைப் பவுடரை அப்பிக்கொண்டு, முழங்கால் வரை தொங்கும் டோப்பாவைப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் தன்னைப் பார்த்துத் தானே பயந்து ஓரடி பின்வாங்கிவிட்டுத்தான் உள்ளே போனாள்.

ஊளை வரவில்லை. எவ்வளவோ முக்கிப் பார்த்தாள். புறப்பட்டுப் போகிற பஸ்ஸை ஓடிப்போய் நிறுத்துகிறவளின் கூப்பாடாகத்தான் அது வந்தது. வந்த பிள்ளைகள் எல்லாம் சிரித்துக்கொண்டே போய்விட்டன. ஒரு வாண்டு நின்று, "ஆன்ட்டி, உங்க முடி கழண்டு விழுது" என்று சொல்லிவிட்டுப் போனது. அவளுக்கு மானம் போனது. பழையபடி டிக்கெட்டே கிழிக்கலாம் என்று அவள் முடிவு செய்த நேரத்தில் ஒரு மீசைக்காரர் வந்தார்.

சாதாரண மீசை இல்லை, ஒருவர் முழுநேரமாக வளர்த்தால்தான் அப்படி வரும். மனைவியையும் மச்சினர்களையும் பின்னால் வரச்சொல்லி, "இதெல்லாம் சும்மா ஏமாத்து வேல. என் பின்னாடியே வாங்க" என்று உரக்கச் சொல்லிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தார். நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவருக்குத் தரை எப்படித் தெரியும்? படி இருக்கும் இடத்தை நோக்கி நேராகப் போனார். பேயக்காவுக்குப் பதறிவிட்டது. பேய், வேஷம், ஊளை எல்லாம் மறந்துபோயிற்று. எட்டிப்போய் அவர் காதோரம் குனிந்து, வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னாள்.

"படி இருக்கு, பாத்து."

அந்த அலறல் ஏரியின் எதிர்க்கரை வரைக்கும் கேட்டதாக எதிர்க்கரைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். மீசைக்காரர் வந்த வழியே பாய்ந்து, மச்சினர்களைத் தள்ளிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு ஓடினார். வெளியே வரிசையில் நின்றவர்கள் அந்த மீசை அப்படி ஓடிவருவதைப் பார்த்தார்கள். வேறு விளம்பரம் எதற்கு? கொஞ்ச நேரத்தில் வரிசை படகுத்துறை வரை நீண்டுவிட்டது.

யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. பேய் ஊளையிடும் என்று எல்லோருக்கும் தெரியும், அதற்கு எல்லோரும் தயாராகத்தான் வருகிறார்கள். அந்தப் பேயே நம் கணுக்காலைப் பற்றிக் கவலைப்பட்டால்தான் குலை நடுங்குகிறது.

படகுக்காரர் மீசைக்காரரின் செருப்பை எடுத்துப் பேய் வீட்டு வாசலில், கண்ணுக்கு நேராக ஆணியடித்து மாட்டச் சொன்னார். "இனிமே நீ வேற எதுவும் சொல்லாத. அதையே சொல்லு" என்றார். அவளும் சொன்னாள். ஒவ்வொருவர் காதிலும், ஒவ்வொரு முறையும், உண்மையான அக்கறையோடு சொன்னாள். அக்கறையை அவளால் மறைக்க முடியாது, அது அவள் பிறவிக் குணம். சின்னக் குழந்தைகள் என்றால் கூடவே ஒரு "கண்ணு" சேர்ந்துகொள்ளும். அழுகிற பிள்ளையைக் கையைப் பிடித்து வெளிக்கதவு வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, ஓடிவந்து அடுத்த கூட்டத்துக்கு மூச்சிரைக்க நிற்பாள்.

பூங்கா அதன் பிறகு எங்கேயோ போய்விட்டது. சுற்றுவட்டாரத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா என்றால் அங்கேதான். குட்டி ரயிலுக்கு இரண்டாவது பெட்டி மாட்டினார்கள், ஐஸ்கிரீம் கடை இரண்டு மூன்றாகப் பெருகியது. ஊரில் யாராவது புது வேலையில் சேர்ந்தால், வீடு மாறினால், கல்யாணம் செய்துகொண்டால், "படி இருக்கு, பாத்து" என்று முதுகில் தட்டிச் சிரித்தார்கள். ஃபிட்டருக்குத்தான் ஏகப்பட்ட கிண்டல். அவரும் சளைத்தவர் இல்லை. "பேயோட குடும்பம் நடத்துறேன்னு எல்லாப் புருஷனும்தான் புலம்புவான். அதை ஆபீஸ்லயே ஒத்துக்கிட்டுச் சம்பளம் குடுக்கறது என் வீட்ல மட்டும்தான்" என்பார்.

இடையில் ஒரு மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் கொட்டகைக்குள் புகுந்து தரைப்பலகையெல்லாம் ஊறிப் போனது. தச்சர் பழைய பலகையை எடுத்துவிட்டு, தரையை ஒரே மட்டமாக இழைத்துப் போட்டார். படி போய்விட்டது. ஆனால் பேயக்காவின் வாய் கேட்கவில்லை. இருட்டில் ஒரு உருவம் அந்த இடத்தை நெருங்கினால் போதும், "படி இருக்கு, பாத்து" என்று தானாக வந்துவிடும். சொன்னவுடன் அவர்கள் ஜாக்கிரதையாகக் காலைத் தூக்கி, இல்லாத படியில் இறங்கப் போய், மட்டமான தரையில் 'தொம்' என்று மிதித்துத் தடுமாறிச் சிரிப்பார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், இரண்டாவது மூன்றாவது தடவை வருகிறவர்களுக்கும் அங்கே படி இல்லை என்று தெரியும். தெரிந்தும் தூக்குவார்கள். அந்தக் குரலைக் கேட்டால் கால் தானே எழுந்துவிடும்.

இத்தனை பேரைக் குதிக்க வைத்தவளுக்கு மனதுக்குள் ஒரு குறை இருந்தது. அது அவள் மகளைப் பற்றியது.

மகளுக்குப் பத்து வயசு இருக்கும்போது அவளுடைய வகுப்பே சுற்றுலா வந்தது. அன்று காலையிலிருந்தே அவளுக்கு ஜலதோஷம். தன் அம்மாதான் பேய் என்று அவள் வகுப்பில் ஒருத்தரிடமும் மூச்சு விட்டதில்லை. பயந்து நடுங்கிக்கொண்டு, தோழிகளோடு கை கோத்துக்கொண்டு, எல்லோரையும் போலத் தானும் அலற வேண்டும் என்ற ஆசையோடு உள்ளே வந்தாள். பச்சை வெளிச்சத்தில் மகளின் முகம் தெரிந்தது. ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

பேய் குனிந்தது. அங்கியின் ஓரத்தை மடித்துப் பிள்ளையின் மூக்கில் வைத்தது. "சிந்து. நல்லா சிந்து. சாப்டியா? டப்பால மிச்சம் வெச்சியா? ரிப்பன் எங்க போச்சு பாரு, இங்க வா" என்றது.

ஒரு நிமிஷம் வகுப்பே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அப்புறம் வெடித்த சிரிப்பில் உத்தரத்து எலும்புக்கூடு ஆடியது. அன்று சாயங்காலத்துக்குள் மகளுக்குப் 'பேய்க்குட்டி' என்று பெயர் விழுந்துவிட்டது, பள்ளிக்கூடம் முடிகிற வரைக்கும் அது போகவில்லை.

மகள் சண்டையெல்லாம் போடவில்லை. நல்ல பெண், நன்றாகப் படித்தாள். பல் மருத்துவமனையில் நர்ஸாகச் சேர்ந்தாள், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். லீவு கிடைத்தால் ஓடிவந்து அம்மா மடியில் தலைவைத்துப் படுத்துக்கொள்வாள். பேய் வீட்டுக்குள் மட்டும் அதற்குப் பிறகு காலெடுத்து வைக்கவில்லை. கூப்பிட்டால், "வேற எங்க வேணா கூப்பிடும்மா, வரேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். அந்தச் சிரிப்பு பேயக்காவின் நெஞ்சில் முள்ளாக நின்றது.

"பேயா நிக்க வேண்டிய எடத்துல அம்மாவா நின்னுட்டேங்க" என்று கணவரிடம் அடிக்கடி சொல்வாள். "ஊருல இருக்கற புள்ளைங்க எல்லாம் கத்திட்டு சந்தோஷமா போச்சு. என் புள்ள ஒருத்திக்குத்தான் அது கிடைக்கல. ஒரே ஒரு தடவ அவளை ஒழுங்கா பயமுறுத்திடணும்."

"பயமுறுத்தேன், யாரு வேணாங்கறா."

"அடுத்த லீவுக்கு வரட்டும்."

அடுத்த லீவு என்று எத்தனையோ லீவு போய்விட்டது. பேய் வீடு எங்கே ஓடிவிடப் போகிறது என்று இருந்துவிட்டாள். அப்போதுதான் ஏரியே எழுந்துவரப் போகிறது என்று செய்தி வந்தது.

ஊர் பெருத்துவிட்டது, குழாயில் தண்ணீர் போதவில்லை. ஏரிக்கரையை உயர்த்தி, தண்ணீரைக் கூடுதலாகத் தேக்குவது என்று நகரசபை முடிவெடுத்தது. கரை உயர்ந்தால் பூங்கா இருக்கும் இடம் முழுக்கத் தண்ணீருக்கு அடியில். வேலைக்காரர்கள் எல்லோரும் ஐஸ்கிரீம் கடை முன்னால் கூடி நின்று படகுக்காரரின் முகத்தைப் பார்த்தார்கள். தலை முழுக்க நரைத்துப் போயிருந்த அந்த மனிதர் கையிலிருந்த டீயை ஆற அமரக் குடித்து முடித்தார்.

"இத்தன வருஷம் ஏரி வீட்ல குடியிருந்தோம். இப்ப வீட்டுக்காரங்களுக்கே எடம் தேவைப்படுது. சிரிச்ச முகமா காலி பண்ணிக் குடுக்கணும், அதான் மரியாத. தண்ணி குடிக்காத ஆளு இங்க யாராவது இருக்கீங்களா?" என்றார்.

யாரும் இல்லை. குட்டி ரயில் ஓட்டுபவர் மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் சினிமா பார்த்தாலும் அழுகிறவர். ராட்டினத்தை ஒரு தூரத்து ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். பொருத்துவதற்கு ஃபிட்டரும் போக வேண்டும் என்று பேச்சு. "பாத்தியா, இந்தத் தடவையும் என்னச் சேத்துதான் குடுக்கறாங்க" என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சிரித்தார். எல்லோருக்கும் ஏதோ ஒரு வழி பிறந்தது. பேயக்காவுக்கும் கவலை வேலையைப் பற்றி இல்லை. கடைசி நாள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார்கள். அதை விட்டால் கொட்டகைக்குள் மீன்தான் நடமாடும். மகளைப் பயமுறுத்த இனி அடுத்த லீவு கிடையாது.

போன் போட்டாள்.

"கடைசி நாளுக்கு வர்றல்ல?"

"வராம இருப்பேனா? லீவு போட்டாச்சும்மா. ராட்டினத்துல ஏறணும், ரயில்ல போகணும், எடது பக்கமாவே போற கோணப் படகுல அவரோட சுத்தணும்."

"அப்புறம்?"

"பேய் வீடு மட்டும் வேணாம்மா."

பேயக்கா வற்புறுத்தவில்லை. "சரி, வந்து சேரு" என்று வைத்துவிட்டு, நேராகக் கணவரிடம் போனாள்.

"நீங்கதான் எப்படியாவது கையப் புடிச்சு இழுத்துட்டு வந்து உள்ள விடணும். உள்ள விட்டதும் ராட்டினத்து மணிய ரெண்டு தட்டு தட்டுங்க, எனக்குத் தெரிஞ்சுரும். நான் ஒரு வார்த்த பேச மாட்டேன். படின்னு சொல்ல மாட்டேன், கண்ணுன்னு சொல்ல மாட்டேன். ஒரே கத்து. அவகிட்ட மூச்சு விட்டுறாதீங்க."

"நான் ஏன் விடப்போறேன்?" என்றார் ஃபிட்டர். அவர் வாயில் எந்த ரகசியமும் ஒரு பொழுது தங்கியதில்லை என்பதைப் பாவம் அவள் அந்த அவசரத்தில் மறந்துவிட்டாள்.

அந்த வாரம் முழுக்கச் சமையலறையில் ஒத்திகை நடந்தது. கதவைச் சாத்திக்கொண்டு கத்துவாள். ஃபிட்டர் நாற்காலி போட்டு உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வார். "இது இன்னும் பஸ்ஸ நிறுத்துற கத்துதான். பேய் எதுக்கு பஸ்ல போகுது?" என்பார். "இது கேஸ் தீந்துபோனப்ப கத்துற மாதிரி இருக்கு" என்பார். மாடி வீட்டுக்காரர் இறங்கிவந்து, "ஏதாவது பிரச்சனைன்னா சொல்லுங்க, பேசித் தீத்துக்கலாம்" என்று கவலையோடு விசாரித்துவிட்டுப் போனார். சனிக்கிழமை வாக்கில் ஒரு கத்து நன்றாக வந்தது. அடுப்பிலிருந்த பாத்திரத்தின் மூடி நடுங்கியது. ஃபிட்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

கடைசி நாள் கூட்டம் சொல்லி மாளாது. சின்ன வயதில் வந்தவர்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். பேய் வீட்டுக்குள் பெரிய மனிதர்கள், ஆபீசர்கள், டீச்சர்கள் எல்லோரும் அந்தக் குரலைக் கேட்டதும் காலைத் தூக்கி 'தொம்' என்று மிதித்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். சிலர் இருட்டில் பேயின் கையைத் தேடிப் பிடித்து, "ரொம்ப நன்றிக்கா" என்றார்கள். ஒரு பெரியவர் வாசலில் நின்று வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீசை பஞ்சாக வெளுத்திருந்தது, ஆனால் அதே மீசை. பேரப்பிள்ளைகள் அவரைச் சுற்றி நின்றன.

"அந்தச் செருப்பு என்னுது" என்றார் தலையைச் சொறிந்துகொண்டே. "இப்ப குடுப்பீங்களா?"

படகுக்காரரே ஆணியைப் பிடுங்கிச் செருப்பைத் தட்டிக் கொடுத்தார். மீசைக்காரர் அதை அங்கேயே காலில் மாட்டிக்கொண்டு, பேரப்பிள்ளைகளை முன்னால் போகவிட்டு, அவர்கள் பின்னால் பவ்வியமாக உள்ளே போனார்.

வெயில் தாழ்ந்து ஏரி மஞ்சளாக மின்னியபோது மகளும் மருமகனும் கோணல் படகிலிருந்து இறங்குவதைப் பேயக்கா துணி இடுக்கு வழியாகப் பார்த்தாள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் நின்றவளுக்கு அன்றைக்குத்தான் முதல் தடவையாக மேடை நடுக்கம் வந்தது. பவுடரைத் திரும்பவும் அப்பிக்கொண்டாள். டோப்பாவைக் கொண்டை ஊசி போட்டு இறுக்கினாள்.

ராட்டினத்து மணி இரண்டு முறை ஒலித்தது.

அவள் குனிந்து காலடியிலிருந்த டார்ச்சை அணைத்தாள். அத்தனை வருஷத்தில் அதை அவள் அணைத்ததே இல்லை. அது எரிந்தால் மகளுக்குத் தான் நிற்குமிடம் தெரிந்துவிடும், அம்மாவின் செருப்பு தெரிந்துவிடும், எல்லாம் பழையபடி கெட்டுப்போகும். பச்சை பல்பும் தூரத்தில் இருந்தது. இருட்டு அவளை மூடியது. 'என்னங்க' என்று கூப்பிட நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, முன்கதவுப் பக்கம் கண்ணை நட்டு, மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேசக் கூடாது. என்ன ஆனாலும் பேசக் கூடாது.

முன்கதவில் யாரும் வரவில்லை. பலகை எங்கேயோ முனகியது. கொஞ்சம் எட்டிப் பார்த்தாள். அப்போது அவளுடைய காதுக்குப் பின்னால், வெகு அருகில், ரொம்ப அன்பாக ஒரு குரல் கேட்டது.

"படி இருக்கு, பாத்து."

பேயக்கா அலறினாள். ஒத்திகையில் வந்ததெல்லாம் அலறலே இல்லை என்று அப்போது தெரிந்தது. ராட்டினம் நின்றது. படகுக்காரர் சட்டையில் டீ கொட்டிக்கொண்டார். மிதிபடகுகளில் இருந்தவர்கள் மிதிப்பதை விட்டுவிட்டுக் கரையைப் பார்த்தார்கள். வெளியே வரிசையில் நின்றவர்கள், இது கடைசி நாளுக்கான விசேஷ ஏற்பாடு என்று நினைத்துப் பலமாகக் கை தட்டினார்கள். அலறிக்கொண்டே அவள் காலையும் தூக்கினாள். இல்லாத படியில் இறங்கப் போய்த் தடுமாறி, பின்னால் நின்றவள் மேலேயே விழுந்தாள். இரண்டு பேரும் தரையில் உருண்டார்கள்.

சத்தம் கேட்டு வரிசையிலிருந்தவர்கள் செல்போன் வெளிச்சத்தோடு உள்ளே ஓடிவந்தார்கள். நடுக் கொட்டகையில் பேய் கால் நீட்டி உட்கார்ந்திருந்தது. டோப்பா ஒரு பக்கம், பவுடர் வேர்வையில் கோடு கோடாக வழிந்து ஒரு பக்கம். பக்கத்தில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு அடங்கியதும் கைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்தாள். அத்தனை பேர் பார்க்க, பேயின் மூக்கில் வைத்தாள்.

"சிந்து. நல்லா சிந்து" என்றாள். "சாப்டியா? டப்பால மிச்சம் வெச்சியா? முடியப் பாரு எப்படி இருக்குன்னு, இங்க வா."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. பேயக்காவின் முகம், பவுடரையும் மீறி, சிவந்துபோனது. எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. அந்த வெட்கம் எப்படி இருக்கும் என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அதே நேரம், தன் மூக்கை இப்படி ஒருத்தி ஊரறியத் துடைத்துவிடுகிறாளே என்று மனசு நிறைந்து வழிந்தது. இரண்டும் சேர்ந்து வரும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சிரிக்கவும் செய்தாள், அழவும் செய்தாள்.

"ஏன்டி, நான்டி உன்னப் பயமுறுத்தணும்! வாரம் பூரா கத்திக் கத்திப் பழகுனேன். அப்பா சொல்லிட்டாரா?"

"அப்பா வாயில என்னைக்கு எது நின்னுருக்கு? நீ போன் வெச்ச அன்னைக்கே சொல்லிட்டாரு. அவருதான் பின்கதவத் தொறந்து விட்டாரு."

"அப்ப போச்சு. கடைசி நாளும் போச்சு. நீ பயப்படவே இல்ல" என்று பேயக்கா உதட்டைப் பிதுக்கினாள்.

மகள் சிரிப்பை நிறுத்தினாள். "யாரு சொன்னா? நீ எப்பவும் டார்ச் எரியவிட்டிருப்பன்னுதான் தைரியமா வந்தேன். உள்ள வந்து பாத்தா வெளிச்சமே இல்ல. உன்னையும் காணோம். அந்த எலும்புக்கூடு வேற மூஞ்சில வந்து இடிக்குது. திரும்பி ஓடிடலாமான்னு பாத்தேன், பின்கதவு எந்தப் பக்கம்னே தெரியல. உயிரே போயிடுச்சும்மா. நம்பலன்னா தொட்டுப் பாரு."

அம்மாவின் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டாள். உள்ளே குட்டி ரயில் போல 'தடதட'வென்று ஓடிக்கொண்டிருந்தது. பேயக்கா கையை எடுக்கவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மலர்ந்தது.

"நெஜம்மா பயந்தியா?"

"சத்தியமா."

"நான் ஒரு வார்த்த பேசல பாத்தியா?"

"பேசலம்மா. நீ அப்படியே பேயாத்தான் நின்ன."

வெளியே வரிசையில் இன்னும் ஒரு கூட்டம் பாக்கி இருந்தது. தச்சர் கதவைத் தட்டி, "என்னக்கா, விடலாமா?" என்று கேட்டார். பேயக்கா எழுந்திருக்கப் பார்த்தாள், சிரித்துச் சிரித்துக் கால் துவண்டுபோயிருந்தது. மகள் கீழே கிடந்த டோப்பாவை எடுத்து உதறித் தன் தலையில் மாட்டிக்கொண்டாள்.

"உக்காரு. இந்தக் கூட்டத்த நான் பாத்துக்கறேன். ஆஸ்பத்திரில என் வேலையே பயந்தவங்க காதுல மெதுவா பேசறதுதானே" என்றாள்.

கடைசிக் கூட்டம் உள்ளே வந்தது. பேயக்கா மூலையில் டார்ச்சைக் கையில் பொத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மகளின் வாயிலிருந்து வந்த தன் குரலைத் தானே வெளியிலிருந்து கேட்டாள். ஒவ்வொரு 'தொம்'முக்கும் வாயைப் பொத்திச் சிரித்தாள். குழந்தைகள் வந்தபோது மகளின் குரலிலும் ஒரு "கண்ணு" வந்து ஒட்டிக்கொண்டது.

எல்லோரும் போன பிறகு இரண்டு பேரும் வெளியே புறப்பட்டார்கள். வாசலில் ஃபிட்டர், குற்றம் செய்த முகத்தோடு, ஆளுக்கொரு ஐஸ்கிரீமைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். தச்சர் கறுப்புத் துணியை அவிழ்த்துவிட்டிருந்ததால் கொட்டகைக்குள் சாயங்கால வெளிச்சம் நேராக விழுந்தது. தரை கண்ணாடி மாதிரி மட்டமாக, சுத்தமாகத் தெரிந்தது.

அந்த இடம் வந்ததும் மகள் காலைத் தூக்கி வைத்தாள்.

"அங்க படி இல்லடி" என்றாள் பேயக்கா.

"தெரியும்மா."

பேயக்காவும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைத்தாள்.